“வெளியே போங்கள், அந்தெஸ்தேரியா முடிந்துவிட்டது”: பழைய கிரேக்கத் திருவிழாவில் சாமி எவ்வளவு, ஊர் எவ்வளவு?

உங்கள் கேள்வி இது: “ஏதென்ஸில் நாடகப் போட்டி, பாட்டுப் போட்டி, ஓட்டப்பந்தயம், கறி விருந்து, குடி எல்லாமே சாமி பேரில்தான் நடந்திருக்கிறது. இதில் பக்தி எவ்வளவு, கேளிக்கை எவ்வளவு? சாமி வெறும் சாக்கா?” எந்த மாதத்தில் எந்த விழா என்ற பட்டியல் உங்களுக்கு வேண்டியதில்லை. அந்த ஆட்கள் மனசார நம்பித்தான் இதையெல்லாம் செய்தார்களா என்பதுதான் உங்கள் சந்தேகம். நான் இருபத்தைந்து வருடம் கல்லூரியில் பண்டைய வரலாறு நடத்தியவன். கிரேக்கம், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிற அளவுக்குத் தெரியும். மண்ணைத் தோண்டி ஆய்வு செய்தவன் இல்லை. சொல்லப்போவது பெரும்பாலும் ஏதென்ஸைப் பற்றித்தான், ஏனென்றால் கைக்குக் கிடைத்திருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி அந்த ஒரே ஊரின் கி.மு. 5, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. இதை அப்படியே தூக்கி ஸ்பார்ட்டாவுக்கோ கொரிந்துக்கோ பொருத்திவிடாதீர்கள்.

வகுப்பில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஒரு எழுத்தைக் காட்டுவேன். அந்தெஸ்தேரியா என்று ஒரு விழா. குளிர் விடத் தொடங்கும் பிப்ரவரி வாக்கில், மதுக் கடவுளான டயோனிசஸுக்காக மூன்று நாள் நடக்கும். முதல் நாள் புது மதுச் சாடிகளைத் திறப்பார்கள். இரண்டாம் நாளுக்குக் குடுவை நாள் என்று பெயர். ஆளுக்கொரு மேசை, மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும் குடுவை ஒன்று. எக்காளம் ஊதியதும் குடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவனோடு பேச்சு கிடையாது, யாரும் யாருக்கும் ஊற்றிக் கொடுப்பதும் கிடையாது. முதலில் காலி செய்தவனுக்குப் பரிசு. பார்த்தால் குடிகாரர் போட்டி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அவர்கள் அதற்குச் சொன்ன கதை வேறு. தாயைக் கொன்ற ஒரெஸ்டெஸ் ஏதென்ஸுக்கு வந்து நிற்கிறான். வந்த விருந்தாளியை விரட்டவும் கூடாது, கொலைக்கறை படிந்தவனோடு ஒரே கலத்தில் குடிக்கவும் கூடாது. அதனால் அன்றைய அரசன் எல்லோருக்கும் தனித்தனிக் குடுவை கொடுத்துவிட்டான் என்பது கதை. அன்று ஊர்க் கோயில்கள் எல்லாம் மூடியிருக்கும். சதுப்பு நிலத்து டயோனிசஸ் கோயில் மட்டும் திறந்திருக்கும், அதுவும் வருடத்தில் அந்த ஒரு நாள்தான். செத்தவர்களின் ஆவி ஊருக்குள் நடமாடும் நாள் என்று வீட்டுக் கதவில் கீல் பூசினார்கள், காலையில் ஒரு முட்செடியின் இலையை மென்றார்கள் என்று பிற்கால அகராதிக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பலவகைத் தானியங்களை ஒரே பானையில் வேகவைத்து, இறந்தவர்களை அழைத்துச் செல்லும் ஹெர்மீஸுக்குப் படைத்தார்கள்.

விழாவோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு வாசகம் உண்டு. “வெளியே போங்கள், கேரெஸ்களே, அந்தெஸ்தேரியா முடிந்துவிட்டது!” கேரெஸ் என்றால் ஆவிகள், பீடைகள். வந்த பேய்களை விரட்டியனுப்பும் சடங்கு என்று இதைப் படிக்கலாம். ஆனால் அந்த வாசகம் “காரெஸ்களே” என்றும் எழுதப்பட்டிருக்கிறது. காரெஸ் என்றால் காரியா தேசத்து ஆட்கள். ஏதென்ஸ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள். விழாவில் அவர்களுக்கும் ஓய்வு உண்டு, குடியும் உண்டு. அப்படியானால் இது “ஆட்டம் முடிந்தது, வேலைக்குப் போங்கடா” என்று எஜமானன் சொல்வது. தமிழில் எழுதினாலும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ‘கே’ என்றால் அது சமயம், ‘கா’ என்றால் அது சமூகம். எது சரி என்பதில் பழைய அகராதிக்காரர்களுக்கே ஒத்த கருத்து இல்லை, இன்றைக்கும் ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நான் ‘கே’ பக்கம் சாய்பவன், ஆனால் அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகமாட்டேன். உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: இரண்டு வாசிப்பும் அந்த விழாவுக்குப் பொருந்திப் போகின்றன. ஒரே மூன்று நாளில் ஆவியும் வந்தது, அடிமையும் உட்கார்ந்து குடித்தான். நாம்தான் இரண்டையும் தனித்தனி டப்பாவில் போடப் பார்க்கிறோம்.

அவர்கள் மொழியில் நம்முடைய ‘மதம்’ என்ற சொல்லுக்கு நேர்ச் சொல் கிடையாது. பலிக்குச் சொல் உண்டு, விழாவுக்குச் சொல் உண்டு, தெய்வங்களுக்குச் செய்யவேண்டிய முறை என்பதற்கும் சொல் உண்டு. இவை போக ‘மதம்’ என்று தனியாக ஒன்றை அவர்கள் பிரித்து வைக்கவில்லை.

கறியிலிருந்து தொடங்குகிறேன். பலி கொடுத்தால் சாமிக்குப் போவது கொழுப்பு சுற்றிய தொடை எலும்பும் புகையும்தான். ஈரல், இதயம் போன்றவற்றை அங்கேயே சுட்டு முக்கியஸ்தர்கள் சாப்பிடுவார்கள். மிச்சக் கறி மனிதர்களுக்கு. இந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்துகிறது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான், ஆதியில் ப்ரொமீதியஸ் தெய்வங்களின் அரசன் ஜீயஸை ஏமாற்றிப் பங்கு பிரித்த கதையைக் கவிஞர் ஹெசியட் சொல்கிறார். ஏதென்ஸின் பெரிய விழாவான பானதெனாயாவில் இந்தப் பங்கு எப்படிப் பிரிந்தது என்று காட்டும் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. கி.மு. 335ஐ ஒட்டியது. ஊர்க் குன்றான அக்ரோபோலிஸில் நடக்கும் ஒரு பலியின் கறியில், ஆலோசனை மன்றத்தில் முறை வைத்துப் பொறுப்பேற்கும் உறுப்பினர்களுக்கு ஐந்து பங்கு, ஆர்க்கன்கள் என்ற ஒன்பது அதிகாரிகளுக்கு மூன்று, ஊர்த் தெய்வமான அதீனாவின் பொருளைக் காக்கும் பொருளாளர்களுக்கு ஒன்று, விழாப் பொறுப்பாளர்களுக்கு ஒன்று, தளபதிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் மூன்று என்று அளந்து எழுதியிருக்கிறது. பிறகு ஒரு நிலத்தின் குத்தகைப் பணமான 41 மினாவுக்கு, அதாவது 4,100 டிராக்மாவுக்கு, மாடு வாங்கிப் பலியிட்டு, அந்தக் கறியைக் கெரமெய்க்கோஸ் பகுதியில் வைத்து மக்களுக்குக் கொடுக்க வேண்டும். எப்படி? ஒவ்வொரு ஊர்ப்பிரிவும் ஊர்வலத்துக்கு எத்தனை பேரை அனுப்பியதோ அந்தக் கணக்கில். அதே நூற்றாண்டில் ஒரு கூலியாளுக்கு நாளுக்கு ஒன்றரை டிராக்மா, கைத்தொழில்காரருக்கு இரண்டு, இரண்டரை என்பதை நினைத்துக்கொண்டு அந்த 4,100ஐப் பாருங்கள்.

அந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். நடந்து வந்தவனுக்குத்தான் கறி. பெயர் தெரியாத ஓர் ஏதென்ஸ்காரர், மக்களாட்சியைப் பிடிக்காதவர், 5ஆம் நூற்றாண்டில் எழுதிய சிறு நூல் ஒன்று இருக்கிறது. ஏழைகளால் தனித்தனியாகப் பலி கொடுத்து விருந்து வைக்க முடியாது, அதனால் ஊர்ப் பணத்தில் பலி கொடுக்கிறார்கள், விருந்து சாப்பிடுவது சனங்கள் என்று அவர் எரிச்சலோடு சொல்கிறார். மற்ற ஊர்களைவிட இங்கே விழா இரண்டு மடங்கு என்றும் குறைப்படுகிறார். இங்கே ஒரு எச்சரிக்கை. ‘கிரேக்கர்கள் பலிக் கறியைத் தவிர வேறு கறியே தின்னவில்லை’ என்று பழைய புத்தகங்களில் உறுதியாக எழுதியிருக்கும், நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. பலி மாடு தலையசைத்துச் சம்மதம் தர வேண்டும் என்ற விளக்கத்துக்கும் இதே கதிதான்.

பானதெனாயாவின் இன்னொரு முகம் துணி. அதீனாவுக்கு ஒரு ஆடை, பெப்லோஸ் என்பார்கள். விழாவுக்கு ஒன்பது மாதம் முன்பே தறி பூட்டிவிடுவார்கள். அதில் சிறுமிகளுக்கும் பங்கு உண்டு. பூதங்களோடு தெய்வங்கள் போட்ட சண்டை அந்தத் துணியிலேயே நெய்யப்பட்டிருக்கும். பலரும் இது அதீனாவின் பெரிய கோயிலான பார்த்தினானில் இருந்த பிரம்மாண்டமான பொன், தந்தச் சிலைக்கு என்று நினைக்கிறார்கள். இல்லை. பக்கத்தில் இருந்த பழைய ஆலிவ் மரச் சிலைக்கு. வானத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட அந்தச் சிலைதான் அவர்களுக்குத் தெய்வம். ஊரே வியக்கும் சிலையை விட்டுவிட்டுப் பழைய மரத்துக்குத் துணி உடுத்துவதில் விளம்பரம் எதுவும் இல்லை. ஆடை வருடா வருடமா, நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் பெருவிழாவில் மட்டுமா என்பதில் தெளிவில்லை. பார்த்தினானைச் சுற்றி 160 மீட்டர் நீளத்துக்கு ஓடும் சிற்ப வரிசை இந்த ஊர்வலத்தைத்தான் காட்டுகிறது என்பது பெரும்பாலோர் கருத்து. அது ஒரு பழங்கதைக் காட்சி என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஊர்வலத்தில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதில் ஊரின் படிநிலை அப்படியே தெரியும். நல்ல குடும்பத்துக் கன்னிப்பெண்கள் பலிக்கூடை சுமப்பார்கள். ஏதென்ஸில் தங்கி வரி கட்டும் வெளியூர்க்காரர்கள் செந்நீல மேலாடையில் தட்டுகளைத் தூக்கி வருவார்கள். கூடை சுமப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ஒரு சம்பவம் சொல்கிறார். ஊரை ஆண்ட ஹிப்பியாஸின் தம்பி ஹிப்பார்கஸ், ஹார்மோடியஸ் என்ற இளைஞன் மேல் ஆசைப்பட்டு மறுக்கப்பட்டான். பழிவாங்க ஹார்மோடியஸின் தங்கையை ஒரு ஊர்வலத்தில் கூடை சுமக்கக் கூப்பிட்டான். அந்தப் பெண் வந்து நின்றதும், “உன்னை யாரும் கூப்பிடவே இல்லை, உனக்கு அதற்குத் தகுதியும் இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். ஊர் முன்னால் அந்தப் பெண்ணின் மேல் விழுந்த பழி அது. கி.மு. 514 பானதெனாயாவில், ஊர்வலத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஹிப்பார்கஸை ஹார்மோடியஸும் அவன் தோழன் அரிஸ்டோஜீட்டனும் குத்திக் கொன்றார்கள். அன்றைக்கு ஆயுதத்தோடு வந்தாலும் சந்தேகம் வராது என்பதால்தான் விழா நாளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறார் துசிடிடீஸ். ஊர்வலத்தில் ஆயுதம் ஏந்துவது பிற்பாடு வந்த வழக்கம் என்று அரிஸ்டாட்டில் பேரில் உள்ள ‘ஏதென்ஸ் அரசமைப்பு’ மறுக்கிறது. கொலை உறுதி, விழா நாள் உறுதி. ஆயுத விவரம் பற்றிய சாட்சிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

“சாமி சாக்குதானே” என்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரு குத்து. டயோனிசஸுக்கு வசந்தத் தொடக்கத்தில் நடக்கும் டயோனிசியா என்ற பெரிய விழாவில் நாடகம் மட்டும் இல்லை. பத்துக் குலப்பிரிவுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஐம்பது ஆண்கள், ஐம்பது சிறுவர்கள். ஆக ஆயிரம் பேர் பாடி ஆடும் போட்டியும் உண்டு. இவர்களைத் தயார் செய்யும் செலவு பணக்காரர் தலையில். லிசியாஸ் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரையில் ஒருவர் கணக்கு ஒப்பிக்கிறார்: துன்பியல் நாடகக் குழுவுக்கு 3,000 டிராக்மா, டயோனிசியாவில் ஆண்கள் பாட்டுக் குழுவுக்கு வெற்றிச் சின்னத்தை நிறுவியது உட்பட 5,000 டிராக்மா. நீதிமன்றத்தில் இதை ஏன் சொல்ல வேண்டும்? “ஊருக்கு இவ்வளவு செய்திருக்கிறேன், என் மேல் இரக்கம் காட்டுங்கள்” என்பதற்காக. இது அப்பட்டமான சமூகக் கணக்கு.

இனி குத்துக்கு வருகிறேன். கி.மு. 348இல் அரசியல் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தன் குலப்பிரிவின் பாட்டுக் குழுவுக்கு, வேறு யாரும் முன்வராததால், தானே செலவேற்றார். அவருக்கும் மெய்டியாஸ் என்ற பணக்காரருக்கும் பழைய பகை. டெமாஸ்தனிஸ் சொல்வதன்படி, விழா உடையையும் பொற்கிரீடங்களையும் நாசமாக்க மெய்டியாஸ் ராத்திரி பொற்கொல்லன் வீட்டுக்குள் புகுந்தார், குழுவின் ஆசிரியரை விலைக்கு வாங்கினார், கடைசியில் விழா நாளில் அரங்கத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் டெமாஸ்தனிஸ் முகத்தில் குத்தினார். விழா முடிந்ததும் அதே டயோனிசஸ் அரங்கத்தில் மக்கள் மன்றம் கூடியது. விழா ஒழுங்காக நடந்ததா, யார் தவறு செய்தார்கள் என்று விசாரிக்கவே ஒரு கூட்டம் உண்டு. மன்றம் மெய்டியாஸுக்கு எதிராகக் கை தூக்கியது. டெமாஸ்தனிஸின் வாதத்தைக் கவனியுங்கள். என்னை அடித்தது வெறும் அடிதடி இல்லை, குழுவும் அதன் புரவலனும் மாலை சூடுவது கடவுளுக்காக, அந்த மாலை தலையில் இருக்கும்போது என் மேல் கை வைத்தவன் தெய்வ நிந்தனை செய்தவன் என்கிறார். அவர் மேற்கோள் காட்டும் ஒரு சட்டம் விழா நாட்களில் கடனுக்காக ஆளைப் பிடிப்பதையும் சொத்தைப் பறிப்பதையும் தடுக்கிறது. நியாயமான கடனாகவே இருந்தாலும் அன்று கேட்க முடியாது. பிறகு என்ன ஆனது? முப்பது மினா வாங்கிக்கொண்டு டெமாஸ்தனிஸ் வழக்கை விற்றுவிட்டார் என்று எதிரி ஐஸ்கினிஸ் சொல்கிறார். எதிரி சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் கையில். உரை நீதிமன்றத்தில் பேசப்பட்டதா என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இந்த வழக்கில் சொந்தப் பகை, பண மிடுக்கு, அரசியல், சாமிக் குற்றம் எல்லாம் ஒரே முகத்தில் ஒரே குத்தாக விழுந்திருக்கிறது. எந்த விழுக்காடு எதற்கு என்று பிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்கள் எழுதியது. பெண்களுக்கே உரிய விழா தெஸ்மோஃபோரியா. இலையுதிர் காலத்தில் விதைப்புக்கு முன், விளைச்சல் தெய்வமான டிமீட்டருக்கும் அவள் மகளுக்கும் மூன்று நாள். ஆண்களுக்கு அனுமதி இல்லை. நடு நாள் விரதம், பெண்கள் தரையில் உட்காருவார்கள். பச்சையாகக் கேலி பேசுவதும் சடங்கின் ஒரு பகுதி. முன்பே குழிகளில் போட்ட பன்றிக்குட்டிகள் அழுகிக் கிடக்கும். அதை அதற்கென்று சில பெண்கள் இறங்கி அள்ளிவந்து பலிபீடத்தில் வைப்பார்கள். அதை எடுத்து விதையோடு கலந்தால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று நம்பினார்கள். இந்த அழுகல் விவரம் பிற்கால எழுத்தாளர் லூசியனின் நூலுக்கு யாரோ எழுதிய ஓரக் குறிப்பிலிருந்து கிடைப்பது, அதனால் நாளும் வரிசையும் துல்லியம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இதே விழாவுக்கு ஊர்க் கணக்கில் என்ன மதிப்பு என்பது இசேயஸ் எழுதிக்கொடுத்த ஒரு வாரிசு வழக்குரையில் தெரிகிறது. ‘எங்கள் அம்மா தாத்தாவுக்கு முறைப்படி பிறந்த மகள்தான்’ என்று நிரூபிக்க மகன்கள் கொடுக்கும் சான்றுகளில் ஒன்று, ஊர்ப்பிரிவின் பெண்கள் அவளைத் தெஸ்மோஃபோரியாவை நடத்தத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. பதிவுத் தாள் இல்லாத ஊரில், குழியருகே யார் நின்றார்கள் என்பதே பதிவு. நாடகம் பார்க்கப் பெண்கள் போனார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். பிளேட்டோவைப் படித்தால் போனார்கள் என்றுதான் தோன்றுகிறது. மற்றச் சான்றுகளை எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம்.

ஒலிம்பிக் விழா நடந்த ஒலிம்பியா பற்றி ஒரு திருத்தம் மட்டும். விழாக்காலத்துப் போர்நிறுத்தம் கிரேக்க நாடு முழுவதும் போரை நிறுத்தவில்லை. போகிற வருகிறவர்களுக்கும் புனிதத் தலத்துக்கும் பாதுகாப்பு, அவ்வளவுதான். கி.மு. 364இல் விழாவின்போதே அந்தத் தலத்துக்குள் சண்டை நடந்தது.

கடைசியாக உங்கள் ‘மனசார’ என்ற சொல். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மேல் வந்த குற்றச்சாட்டு, ஊர் தெய்வங்களை அவர் ‘நொமிட்ஸெய்ன்’ செய்யவில்லை என்பது. அந்த வினைச்சொல்லுக்கு ‘நம்புவது’ என்றும் பொருள், ‘வழக்கமாகக் கைக்கொள்வது’ என்றும் பொருள். ஆசிரியரைக் காப்பாற்ற எழுதிய ஜெனபன், சாக்ரடீஸ் உள்ளத்தில் என்ன நினைத்தார் என்று முதலில் வாதிடவில்லை. வீட்டிலும் ஊர்ப் பலிபீடங்களிலும் அவர் பலி கொடுத்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்களே என்றுதான் தொடங்குகிறார். செய்வதே சான்று. அதனால் ஒரு சராசரி ஏதென்ஸ்காரன் உள்ளுக்குள் எவ்வளவு உருகினான் என்று அளக்க நம்மிடம் தராசு இல்லை. சில கற்கள் மட்டும் இருக்கின்றன.

குடுவை நாளுக்குத் திரும்புகிறேன். மூன்றாம் வயதில் குழந்தைகளுக்குப் பூச்சூட்டி அந்த விழாவுக்குள் சேர்ப்பார்கள். சின்னச் சின்னக் குடுவைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. தவழும் பிள்ளை, வண்டி இழுக்கும் பிள்ளை, நாயோடு விளையாடும் பிள்ளை என்று படம் போட்டவை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் இருந்த டயோனிசஸ் அடியார் சங்கத்தின் கல்வெட்டு, உறுப்பினர் மது வழங்க வேண்டிய வீட்டு நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்கிறது: கல்யாணம், பிள்ளைப்பேறு, பிறகு குடுவை விழா, பிறகு இளைஞர் படைப்பயிற்சி. பிள்ளை பிறந்தால் அடுத்தது அதுதான். ரோமானியர் காலத்தைச் சேர்ந்த ஒரு குழந்தையின் கல்லறைக் கல்லும் ஏதென்ஸில் இருக்கிறது. அதில் உள்ளதன் சாரம்: குடுவை விழா காணும் வயது, ஆனால் விதி முந்திக்கொண்டது.